டெல்டாவில் வெளியே உட்கார்ந்து நிலக்காட்சி வரைவது: ஆறு, குளம், வயல், வானம் – முழுமையான வழிகாட்டி

நிலக்காட்சி என்றாலே மலையும் ஏரியும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகும்போது மட்டும் பெயிண்ட் பெட்டியை வெளியே எடுக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் குடியிருந்துகொண்டு, "நம்ம ஊர்ல வரைய என்ன இருக்கு, எங்க பார்த்தாலும் ஒரே சமதரை" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலை இருந்தால் படத்தின் அமைப்பு பாதி தானாகவே வந்துவிடும். பெரிய உருவம் ஒன்று நிற்கும், கண் அங்கே போய்த் தங்கிக்கொள்ளும். டெல்டாவில் அது கிடையாது. நிலம் என்பது தாளில் ஒரு விரல் அகலப் பட்டை. மேலே வானம், கீழே தண்ணீர் அல்லது பயிர். இந்த மூன்றில் எது வெளிச்சம், எது இருட்டு, எது இரண்டுக்கும் நடுவில் என்று சரியாகப் பிடித்துவிட்டால் படம் நிற்கும். பிடிக்காவிட்டால் தென்னை ஓலையை எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் நிற்காது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்குத்தான் வந்து சேரும். வாட்டர் கலரை வைத்துச் சொல்கிறேன். போஸ்டர் கலர், அக்ரிலிக் பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தச் சமதரைக்கு ஆங்கிலேய ஓவியர்களும் வந்திருக்கிறார்கள். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று வழியெல்லாம் வரைந்துகொண்டே போனார்கள். குழாயில் அடைத்த பெயிண்ட் அப்போது கிடையாது. மடக்கக்கூடிய தகரக் குழாய் 1841இல்தான் வந்தது. நமக்கு ஒரு தோள்பை போதும்.

எந்த மாதத்தில் எதை வரைவது

டெல்டாவின் நிறத்தை முடிவு செய்வது தண்ணீர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. இருப்பு குறைவான வருடங்களில் தள்ளிப்போகும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அப்புறம் கிளை ஆறுகள், வாய்க்கால்கள் என்று கடைமடை வரை போகிறது. ஆகவே ஜூன் தொடக்கத்தில் மணலாகக் கிடந்த இடம் ஜூலையில் கரை தொட்டு ஓடும். ஒரே இடத்துக்கு இரண்டு முறை போனால் இரண்டு வேறு படங்கள் கிடைக்கும்.

சித்திரை, வைகாசியில் ஆறு பெரும்பாலும் மணல். பலர் இந்த மாதங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விடிகாலையில் மணல் மேட்டின் நிழல் நீலமும் ஊதாவும் கலந்து விழும். வெயில் படுகிற பக்கம் வெளிறிய காவி. இரண்டே நிறத்தில் ஒரு நல்ல படம் கிடைக்கும். எட்டரை மணிக்குள் முடித்து இடத்தைவிட்டு எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனி, ஆடியில் புதுத்தண்ணீரும் குறுவை நாற்றங்காலும் வரும். காற்றும் வரும். அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த மாதம் அது, ஈசல் (easel, படம் வைக்கும் முக்காலி) எம்மாத்திரம். தரையில் உட்கார்ந்து மடியில் பலகை வைத்து வரைவதே நல்லது. ஈசல் வேண்டும் என்பவர்கள் நடுக்காலில் ஒரு பையைக் கட்டி அதில் கல் போட்டுத் தொங்கவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது புரட்டாசி. சம்பாவும் தாளடியும் நடவு நடக்கும் காலம். வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும், அதில் வானம் கிடக்கும். பிற்பகலில் மேகம் கோபுரம் கோபுரமாக எழும். வானத்தை வரையக் கற்க இதைவிட நல்ல மாதம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாஷ் (தண்ணீர் கூட்டித் தாளில் பரப்பும் நிறப் பூச்சு) காயவே காயாது. அந்த மாதங்களில் கோயில் மண்டபத்திலோ திண்ணையிலோ உட்கார்ந்து சின்னச் சின்ன ஸ்கெட்ச் போதும்.

மார்கழி, தையில் விடிகாலைப் பனி இறங்கும். தூரத்து மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். மலைத்தொடரில் ஓவியர்கள் தேடுகிற அதே விஷயம்தான் இது. தை அறுவடைக்குப் பிறகு, மாசி, பங்குனியில் நெல் தரிசில் உளுந்தும் பயறும் தரையோடு தரையாகப் பச்சை பிடிக்கும்.

நாளில் எந்த நேரம் என்றால், காலை ஆறேகாலிலிருந்து எட்டரை வரை, மாலை நான்கிலிருந்து இருட்டும்வரை. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடிக்குள் போய்விடும். நிழல் இல்லாத காட்சியில் வடிவம் இருக்காது. மற்ற மாதங்களிலும் பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை ஒளி தட்டையாகத்தான் இருக்கும். இன்னொன்று, நம் பகுதியில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்த பிறகு சுமார் 20 நிமிடம்தான் நிறம் தெரியும்.

எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் பார்த்து

ஊர்ப் பெயர்களுக்கு முன்னால் திசையைச் சொல்லிவிடுகிறேன். காவிரியும் அதன் கிளைகளும் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. எனவே ஆற்றின் போக்கிலேயே கிழக்கே பார்த்தால் காலைச் சூரியன் தண்ணீரின் முடிவில் இருக்கும். மேற்கே பார்த்தால் மாலைச் சூரியன். இந்த இரண்டும் எதிரொளிக் காட்சிகள். மரங்கள் கறுத்து, தண்ணீர் வெள்ளையாக மின்னும். புதிதாக வரைகிறவர்களுக்கு இதுதான் சுலபம், ஏனென்றால் நிறமே குறைவு. இருட்டு-வெளிச்சத்தை மட்டும் கவனித்தால் போதும்.

ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தென்கரையில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், எதிர்க்கரை பளிச்சென்று தெரியும். வடகரையில் உட்கார்ந்து தெற்கே பார்த்தால் எதிர்க்கரை நிழலாக நிற்கும். கும்பகோணத்தில் காவிரி ஊருக்கு வடக்கே ஓடுவதால் அங்குள்ள படித்துறைகள் வடக்கு பார்த்தவை. திருவையாறு வடகரை ஊர்; புஷ்ய மண்டபப் படித்துறை தெற்கு பார்த்தது. ஒரே ஆறு, ஒரே மார்கழிக் காலை, இரண்டு ஊரிலும் முற்றிலும் வேறு படம்.

திருவையாற்றிலிருந்து தொடங்குவது நல்லது. தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். பேருந்தில் வரும்போதே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகக் கடந்து கடைசியில் காவிரிக்கு வருவீர்கள். கூட்டம் இருக்கும் என்று பயந்தால் இடையிலுள்ள ஆறுகளின் கரையில் இறங்கிக்கொள்ளலாம்.

குளம் வரைய மன்னார்குடி ஹரித்ரா நதிக்குப் போங்கள். சுமார் 23 ஏக்கர் பரப்பு, நடுவில் சிறு கோயில். கோயில் ஐவேலி, குளம் ஐவேலி என்று சொல்லப்படும் திருவாரூர்க் கமலாலயத்திலும் நடுவே ஒரு கோயில் உண்டு. குளத்துக்கு நான்கு கரை இருப்பதால் எந்த நேரத்துக்கும் ஏற்ற ஒளியை நடந்துபோய்த் தேர்ந்துகொள்ளலாம். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. கட்டடப் பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவதை வரையும் முறை) பழக விரும்புகிறவர்களுக்கு அது. அதே ஊரில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கு படிக்கும் பிள்ளைகள் எங்காவது உட்கார்ந்து வரைவதைப் பார்த்தால் தயங்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் வாஷ் போடும் வேகத்தைப் பார்ப்பதே ஒரு பாடம்.

ஏரி என்றால் வீராணம். சோழர் காலத்து ஏரி, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. கிழக்குக் கரையில் சாலை போவதால் மாலையில் ஏரிக்கு மேல் சூரியன் இறங்குவதைக் கரையிலிருந்தே வரையலாம். மறுகரை வெறும் கோடு. இவ்வளவு அகலத் தண்ணீரைத் தாளில் தட்டையாக விடாமல் படுக்க வைப்பது எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன். கடலோரம் போகிறவர்களுக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வேதாரண்யம் உப்பளமும் இருக்கின்றன. வெயிலில் உப்புக் குவியலின் நிழல் பக்கத்தில் கூர்ந்து பார்த்தால் வானத்தின் நீலம் தெரியும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தாளில் சிக்கனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) காட்டன் தாள்தான் டெல்டாக் காற்றின் ஈரத்துக்குத் தாங்கும். பெயிண்ட் மாணவர் தரத்தில் இருந்தாலும் சமாளிக்கலாம், தாள் மோசமானால் வாஷ் திட்டுத்திட்டாகிவிடும். அளவு 11க்கு 15 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். தொடக்கத்தில் அதில் பாதி போதும். ஒளி ஓர் இடத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அந்த நேரத்துக்குள் முடிக்கக்கூடிய அளவுதான் சரியான அளவு.

நிறங்கள்: லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் ப்ளூ, செருலியன் ப்ளூ, சாப் க்ரீன். இவ்வளவு போதும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் கறுப்பைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும். தண்ணீர் கூட்டினால் மழைமேகச் சாம்பல்.

பிரஷ் மூன்று: வானத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு பெரிய தட்டைப் பிரஷ், 10 அல்லது 12ஆம் எண் உருண்டைப் பிரஷ் ஒன்று, கிளைகளுக்கு மெல்லியது ஒன்று. பரீட்சை அட்டை, மாஸ்கிங் டேப், 2பி பென்சில், பழைய பருத்தித் துண்டு, ஸ்பிரே பாட்டில், மடக்கு ஸ்டூல், வீட்டிலிருந்தே இரண்டு பாட்டில் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரில் வண்டல் இருக்கும். லேசான நிறங்களை மங்கடித்துவிடும். கலக்கிய தண்ணீரை ஆற்றிலோ குளத்திலோ ஊற்றவே கூடாது. சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. காலி பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

குடை கொண்டுபோனால் கறுப்பு அல்லது வெள்ளை. கலர்க் குடையின் கீழே தாளே அந்த நிறமாகிவிடும். தாளில் நேர் வெயில் படக் கூடாது என்பதை எவ்வளவு சொன்னாலும் தகும். வெயில் பட்ட தாள் கண்ணைக் கூச வைக்கும், நாம் தேவைக்கு மேல் இருட்டாகப் போட்டுவிடுவோம், வீட்டில் விளக்கின் கீழ் பார்த்தால் படம் செத்துக் கிடக்கும். மரநிழலில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும் என்பதால் அதைவிடச் சுவர் நிழலும் மண்டபமும் மேல்.

முதல் 10 நிமிடம்

உட்கார்ந்ததும் பெயிண்டைத் திறக்க வேண்டாம். தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போட்டு, பென்சிலால் மூன்றே தொனியில் காட்சியைப் பிரித்துப் பாருங்கள்: வெள்ளை, நடுச் சாம்பல், இருட்டு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து பெரிய திட்டுகள் மட்டும் நிற்கும். அவற்றைத்தான் வரைய வேண்டும். முதல் கட்டத்தில் அடிவானத்தை மேலே வையுங்கள், இரண்டாவதில் கீழே, மூன்றாவதில் உங்கள் விருப்பம். நட்ட நடுவில் வைத்தால் வானமும் நிலமும் சண்டை போட்டுக்கொண்டு இரண்டுமே தோற்கும்.

டெல்டாவில் இது மிகப் பெரிய முடிவு. வானம் நன்றாக இருக்கும் நாளில் நிலத்துக்குக் கீழிருந்து நான்கில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்குதான். வானம் வெறும் வெளுப்பாக இருந்தால் அடிவானத்தை மேலே ஏற்றி, வயலுக்கும் தண்ணீருக்கும் இடம் விடுங்கள். உட்காரும் உயரமும் இதில் சேர்த்தி. அடிவானம் எப்போதும் உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்தால் தண்ணீர் ஒடுங்கிப் பட்டையாகும். ஆற்றங்கரை மேட்டில் நின்றால் அதே தண்ணீர் விரிந்து கிடக்கும், வரப்புகள் ஒன்றொன்றாகத் தெரியும்.

பென்சிலில் அதிகம் வரையாதீர்கள். அடிவானக் கோடு, கரையின் சாய்வு, பெரிய மரத்தின் இடம், பாலம் இருந்தால் அதன் தூண்கள். வாய்க்காலின் இரண்டு கரையும் வரப்புகளும் கண் மட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கிப் போகின்றனவா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாஷ் வரிசை

பலகையை 10, 15 டிகிரி சாய்த்து வையுங்கள். வானப் பகுதியைத் தட்டைப் பிரஷால் நனையுங்கள். மேலே அல்ட்ராமரின், நடுவில் செருலியன், அடிவானத்தை நெருங்கும்போது மிக லேசான எல்லோ ஆக்கர். வானம் உச்சியில் அடர்த்தியாகவும் அடிவானத்தில் வெளிறியும் இருப்பதை வெளியே போய்ப் பார்த்தாலே தெரியும். ஆனால் பழக்கத்தில் கை முழுவதும் ஒரே நீலத்தைப் பூசிவிடும். மேகத்தின் வெள்ளையை விட்டுவிட்டுப் பூசுங்கள், அல்லது ஈரமாக இருக்கும்போதே துண்டால் ஒற்றி எடுங்கள். புரட்டாசி மேகத்தின் அடிப்பக்கம் தட்டையாக, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். தலைக்கு மேல் பெரிதாகவும் தூரம் போகப் போகச் சிறிதாகவும் நெருங்கியும் தெரியும். சமதரையில் தூரத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

வானம் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர்ப் பகுதியிலும் அதே நிறங்களைத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள், சற்று அடர்த்தியாக. இரண்டும் ஒரே கலவையிலிருந்து வந்தால்தான் படம் ஒட்டும்.

வானம் முக்கால்வாசி காய்ந்ததும் தூரத்து மரப்பட்டை: அல்ட்ராமரின், துளி லைட் ரெட், துளி ஆக்கர். பச்சை என்று மூளை சொல்லும், அதைக் கேட்காதீர்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்னந்தோப்பு நீலச் சாம்பல்தான். விளிம்பு கொஞ்சம் வானத்தில் கரைந்தால் நல்லது. அது காய்ந்ததும் அதற்கு முன்னால் உள்ள பட்டை, சற்றுப் பச்சை கூட்டி, சற்று இருட்டாக. அதற்கும் முன்னால் இன்னொன்று. தூரம் என்பது இந்த மூன்று பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் தொனி வித்தியாசம்தான்.

கடைசியில் அருகிலுள்ளவை. மிகக் கடுமையான இருட்டைப் படத்தில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வையுங்கள்: பாலத்தின் அடி, படகின் உட்புறம், மரவேர். ஆள் உருவம் வேண்டுமானால் தலையை அடிவானக் கோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் நின்று வரைந்தால் சமதரையில் நிற்கும் எல்லோருடைய தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும்.

பச்சை

டெல்டா ஓவியம் கெடுவது பச்சையில்தான், கொஞ்சம் நின்று பேசலாம். குழாயிலிருந்து வரும் பச்சையை அப்படியே வயலில் பூசினால் பிளாஸ்டிக் விரிப்பு போலாகிவிடும். நெல்லுக்கு வயதுக்கு ஒரு பச்சை. நாற்றங்காலுக்கு லெமன் எல்லோவில் மிகக் குறைந்த செருலியன். சூரியன் எதிரில் இருந்தால் இலைக்குள் வெளிச்சம் புகுந்து வரும். அப்போது செருலியனை இன்னும் குறைத்து மஞ்சளாகவே போடுங்கள். நடவு முடிந்த வயலில் பச்சையே இல்லை, வானம்தான் இருக்கிறது. முதலில் வானத்தின் நிறத்தைப் பூசிக் காயவிட்டு, உலர்ந்த பிரஷால் வரிசை வரிசையாகத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். அருகே இடைவெளி அதிகம், தூரத்தில் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து பச்சைக் கோடாகிவிடும்.

தூர் கட்டி வளர்ந்த சம்பாப் பயிர் நீலம் ஓடிய அடர்பச்சை: சாப் க்ரீனும் அல்ட்ராமரினும், அதை அடக்க ஒரு துளி பர்ன்ட் சியன்னா. காற்று அடிக்கும்போது பயிர் சாய்ந்த இடம் வெளிறித் தெரியும், அந்த அலையை ஈரத்திலேயே பிரஷால் உறிஞ்சி எடுங்கள். கதிர் முற்றினால் எல்லோ ஆக்கர் மேலே வரும், அடியில் பச்சை மிச்சமிருக்கும். அறுத்த நெல்லின் அடித்தாளுக்கு ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும்.

தென்னை, வாழை இரண்டுக்கும் பளபளப்பான இலை. வெயில் நேராகப் படும் மேற்பரப்பு பச்சையாகத் தெரியாது. வானத்தை வாங்கி வெளிறிய நீலச் சாம்பலாகத் தெரியும். அந்த இடங்களைத் தாளிலேயே விட்டுவைத்துப் பிறகு மிக லேசான செருலியன் பூசினால் ஓலைக்கு மினுமினுப்பு வரும். வாழையிலையின் அடிப்பக்கம் எதிர்வெயிலில் எரிகிற மஞ்சள் பச்சை. மூங்கில் கொத்து சாம்பல் கலந்த மஞ்சள். புளியும் ஆலும் இருட்டு. பச்சை அளவுக்கு மீறிப் போனால் பக்கத்தில் சிவப்பு வகையில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஓட்டு வீட்டின் கூரை, கரையின் செம்மண், காயப்போட்ட சேலை. துளி போதும், பச்சை அமைதியாகிவிடும்.

தண்ணீர்

தண்ணீருக்குச் சில விதிகள் உண்டு. பிரதிபலிப்பு பொருளுக்கு நேர் கீழே விழும், பக்கவாட்டில் சாயாது. நிழல்தான் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தண்ணீர் தரையாகிவிடும். இருண்ட பொருளின் பிரதிபலிப்பு கொஞ்சம் வெளிச்சமாகவும், வெளிச்சப் பொருளின் பிரதிபலிப்பு கொஞ்சம் இருட்டாகவும் வரும். வெள்ளைக் கோபுரத்தின் பிரதிபலிப்பை வெள்ளையாகவே விட்டுவிடாதீர்கள்.

தண்ணீருக்குள் தெரிவது மேலே நாம் பார்ப்பதன் நகல் அல்ல. தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் நோக்கிப் பார்ப்பது போன்ற காட்சி அது. அதனால் பாலத்தின் அடிப்பகுதி நமக்கு நேரில் தெரிவதைவிடத் தண்ணீரில் அதிகம் தெரியும். கரைக்குப் பின்னால் தள்ளி நிற்கும் வீடு பிரதிபலிப்பில் கரைக்குள் மறைந்துவிடும்.

இனி வீராணத்தைப் படுக்க வைப்பது. காலடியில் குனிந்து பார்க்கும்போது தண்ணீர் வானத்தைக் குறைவாகவே காட்டும். தன் சொந்த நிறத்தையும் அடி வண்டலையும் காட்டும். தூரத்தில் சாய்வாகப் பார்க்கும்போது வானத்தை முழுதாகக் காட்டும். எனவே முன்னால் அடர்த்தியாகவும் பழுப்பாகவும் தொடங்கி, தூரம் போகப் போக வானத்தின் வெளிச்சத்துக்கு மாற்றிக்கொண்டே போங்கள். அலைக்கோடுகள் அருகே அகலமாகவும் இடைவெளி விட்டும், தூரத்தில் மெல்லியதாகவும் நெருக்கமாகவும். எல்லாம் கிடைமட்டம். கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் ஏரி வழிந்துவிடும்.

ஆடியில் வரும் புதுத்தண்ணீர் வேறு சாதி. வண்டல் கலங்கியிருப்பதால் அதற்குச் சொந்த நிறம் உண்டு: ஆக்கர், பர்ன்ட் சியன்னா, துளி அல்ட்ராமரின். தெளிந்த குளத்தில் மரநிழல் மேற்பரப்பில் விழாது, பிரதிபலிப்பு மட்டும்தான் தெரியும். கலங்கல் தண்ணீரில் நிழல் உண்மையிலேயே விழும், மண்ணில் விழுவதுபோல. ஆற்றின் நடுவில் ஓட்டம் இருக்கும் இடத்தில் பிரதிபலிப்பு உடைந்துபோகும், கரையோரத் தேக்கத்தில் மட்டும் முழுதாக நிற்கும். இதைக் கவனித்துப் போட்டால் ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்பது பார்ப்பவருக்குச் சொல்லாமலே தெரியும். கொக்கு வேண்டுமானால் தாளின் வெள்ளையை விட்டுவையுங்கள்.

மனிதர்களும் ஆபத்துகளும்

வயலில் இறங்குமுன் அங்கிருப்பவரிடம், "அண்ணே, இந்த வரப்புல ஒரு மணி நேரம் உக்காந்து படம் வரைஞ்சுக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் உட்காரக் கோணியே கொண்டுவந்து போடுவார்கள். புதிதாக அணைத்த வரப்பில் கால் வைத்தால் உடையும். அது அவர்களுடைய உழைப்பு. படித்துறையில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்து உட்காராதீர்கள். திதி கொடுக்க வந்தவர்கள் இருந்தால் தள்ளிப் போய்விடுங்கள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டால் விரட்ட வேண்டாம், ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கொள்ளிடத்திலும் காவிரியிலும் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் விரைவாக ஏறும். மழைக்காலத்தில் ஆற்று மணலுக்குள் இறங்கி உட்காரவே கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்திலும் சிதம்பரம் பக்கத்து வாய்க்கால்களிலும் முதலை உண்டு, அங்கெல்லாம் தண்ணீர் ஓரத்தை விட்டுக் கரை மேலேயே இருங்கள். வைக்கோல் போரிலும் வரப்புப் பொந்திலும் கண்ணாடி விரியன் இருக்கும். உட்காரும் இடத்தைக் குச்சியால் தட்டிவிட்டு உட்காருங்கள். இடி கேட்டால் படத்தை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், தனித் தென்னையின் கீழ் நிற்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது, வீட்டில் என்ன செய்வது

நிழல் திசை மாறிவிட்டால் நிறுத்துங்கள். நகர்ந்த நிழலைத் துரத்திக்கொண்டு போனால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும். தொடங்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று என்று போட்டோ எடுத்துவைக்கலாம். ஆனால் போட்டோவில் நிழல் கறுத்தும் வானம் வெளுத்தும் வரும் என்பதால் தொனிக்கு அந்தத் தீப்பெட்டி ஸ்கெட்சையே நம்புங்கள். பின்பக்கம் இடம், மாதம், நேரம், பார்த்த திசை எழுதுங்கள். வீட்டில் வேலை செய்வதானால் இருட்டை ஒன்றிரண்டு இடத்தில் அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதித் தாளைப் பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்கால ஈரத்தில் தாளின் மேற்பூச்சு கெட்டு, வாஷ் போடும்போது புள்ளிப் புள்ளியாக உறிஞ்சும்.

இதன்பிறகு மலைக்கும் ஏரிக்கும் போனால்

மார்கழிப் பனியில் மூன்று தென்னந்தோப்புப் பட்டைகளைப் பிரிக்கப் பழகிய கைக்கு மலைத்தொடர் கஷ்டமாக இருக்காது. கடைசி மலையை முதலில், மிக லேசாக. முன்னால் வரும் மலையை ஒவ்வொரு படியாக இருட்டாக. திருச்சிப் பக்கம் தெளிந்த நாளில் தெரியும் கொல்லிமலையையும் பச்சைமலையையும் வீட்டு மாடியிலிருந்தே வரைந்து பழகலாம்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீலம் நம் ஊரைவிட அடர்த்தி, செருலியனைவிட அல்ட்ராமரின் அதிகம் செலவாகும். பல நாட்களில் மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடுவதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். அங்குள்ள ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது, நட்சத்திர வடிவம் என்பார்கள். கரையில் உட்கார்ந்தால் அந்த வடிவம் தெரியாது, ஒரு கையும் எதிர்க்கரை மரங்களும்தான் தெரியும். கரை மரங்கள் உயரமாக நெருங்கி நிற்பதால் தண்ணீரில் பெரும்பகுதி அடர்பச்சை. வானம் நடுவில் ஒரு துண்டாக மட்டும் விழும். வீராணத்தில் பழகிய கை அங்கேயும் தண்ணீர் முழுக்க வானத்தைப் பூசப் பார்க்கும். பூசுவதற்கு முன் கண்ணைப் பாதி மூடி, வானத்துண்டு எவ்வளவு அகலம் என்று பென்சிலை நீட்டி அளந்துகொள்ளுங்கள்.